ஊர்ஃபாவில் ஒரு குகை வாசல்

1

ஊர்ஃபாவைப் பற்றி உங்கட சஞ்சிகைக்கு எழுதித் தாங்கோ என்று நீங்கள் கேட்டு இரண்டு மாதமாகிறது. நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். மீன்குளம், கோட்டை, அதற்குக் கீழே சிரித்துக்கொண்டு நிற்கிற நாங்கள் இரண்டு பேரும். "ஓம், அதுக்கென்ன" என்று பெரிய எழுத்தாளர் மாதிரிச் சொல்லிவிட்டேன். நாலு தரம் தொடங்கி நாலு தரமும் கிழித்துப்போட்டேன். குளத்தை எழுத முடிகிறது, கோட்டையை எழுத முடிகிறது, குகை வாசலுக்கு வந்தவுடன் கை நின்றுவிடுகிறது. இன்றைக்கு அந்த வாசலையும் எழுதுவதென்று குந்தியிருக்கிறேன். போட விருப்பமில்லாவிட்டால் விடுங்கோ, எனக்கொரு கோபமும் வராது.

இங்கே டென்மார்க்கில், இக்காஸ்டில், ஐப்பசி பிறந்தால் வெளிச்சம் குறையத் தொடங்கிவிடும். எனக்கு இது தம்பியின் மாதம். ஹேர்னிங்கில் இருக்கிற கோயிலில் வருசா வருசம் அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுப்போம். பூசை முடிய, நான் பொரித்துக்கொண்டு போகிற ரோல்சும் கோப்பியும் இருக்கும். ரோல்சுக்காகவே வருகிற சனமும் இருக்கிறது, அது வேறு கதை. இந்த வருசம் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. மூன்று பேர் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். இவருக்குச் சுகமில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை.

தம்பியின் பெயர் யூட். அப்போது பத்தொன்பது வயது. மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரை ஒரு விடியக்காலை ஆமி சுற்றிவளைத்து, ஆம்பிளையள் எல்லாரையும் கோயில் வளவுக்கு வரச் சொன்னது. அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, பிறகு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எல்லாரும் வரிசையாக நடக்கவேண்டும். வரிசையின் முடிவில் ஒருவர் நிற்பார். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று பெயர். ஆரோ எங்கட ஆளாகத்தான் இருக்கும், பிடித்து அடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். வருகிறவனைப் பார்த்து மேலும் கீழும் ஆட்டினால் அவன் ஜீப்புக்கு. இல்லை என்று ஆட்டினால் வீட்டுக்கு. அன்றைக்கு ஊர் முழுக்க நடந்துபோன அந்த வரிசையில் ஒரே ஒருவனுக்குத்தான் அந்தச் சாக்கு ஓம் என்று ஆட்டியது.

யூட் திரும்பி வரவில்லை. எந்த முகாமிலும் அவன் பெயர் இல்லை. அம்மா தேடித் தேடியே செத்துப்போனா. எனக்கு இத்தனை வருசமாக இருந்தது ஒரே கேள்விதான். அந்தச் சாக்குக்குள் நின்றது ஆர்?

இவர், என்ர மனுசன் சேவியர், பக்கத்து ஊர்க்காரர். அன்றைக்கு எங்கள் ஊரில் அகப்பட்டு யூட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றதாக வந்து சொன்னவர் இவர்தான். "அவன் பயப்படாமல் போனவன், அம்மா" என்று சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வராத நாளில்லை. அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார். மழை, வெயில், கிளாலிக் கடலில் படகு ஒன்றும் பார்க்கவில்லை. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால் ஆர் விடுவார்கள்? கலியாணம் கட்டினோம், டென்மார்க்குக்கு வந்தோம், மகள் நிரோ பிறந்தாள். அவர் தையல் தொழிற்சாலையிலும் நான் முதியோர் பராமரிப்பிலும் தேய்ந்தோம்.

2

இவருக்கு மறதி தொடங்கி மூன்று வருசம். முதலில் போனது டெனிஷ். பக்கத்து வீட்டு ஹென்னிங் வேலிக்கு மேலால் காலநிலையைப் பற்றிக் கதைத்தால், "ஓம் ஓம், மழைதான்" என்று தமிழில் மறுமொழி சொல்வார். ஹென்னிங்கும் ஓம் ஓம் என்று சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். பிறகு ஒருநாள் சுப்பர்மார்க்கெட் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறார், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல். அதோடு சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரியில் மறதிப் பரிசோதனை. தாளில் மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார்கள். வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக்கூடாது என்பது சட்டம். அதனால் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். சென்னைப் பக்கத்துப் பிள்ளை போல. "சார், இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க" என்றாள். இவர் என்னைப் பார்த்து, "ஆரப்பா இது, படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா?" என்றார். கிழமையைச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு புள்ளி குறைத்துக்கொண்டார்கள்.

பிறகு தலையை ஸ்கேன் பண்ணினார்கள். படுக்கவைத்து, முகத்துக்கு மேல் கூடு மாதிரி ஒன்றை மூடுவார்கள். அதை மூடினதும் மனுசன் கத்தத் தொடங்கிவிட்டார்.

"சாக்கை எடுங்கோ! எடுங்கோ! எனக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாது!"

தாதி பயந்துபோய், என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள். "இடம் நெருக்கமாக இருக்காம்" என்று டெனிஷில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. முன்னால் நின்று பார்த்த மனுசன், பார்த்தது மூளைக்குள் கிடந்து இப்போது வருகிறது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. அதைக் குனிந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

3

"அப்பா நடக்கக்கூடிய நிலையில இருக்கேக்கையே எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ" என்று நிரோ சொன்னாள். டெனிஷில்தான் சொன்னாள், நான் தமிழில் எழுதுகிறேன். ஓகூஸ் நகரத்தில் பெரிய உத்தியோகம், எங்களோடு கதைக்கிறது ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிசம். தகப்பனோடு கதைக்க அவளிடம் தமிழ் காணாது, தகப்பனிடம் டெனிஷ் மிச்சமில்லை. நடுவில் நான் ஒரு தபாற்பெட்டி.

நாங்கள் வருசா வருசம் பஸ் பிடித்து ஜேர்மனிக்குக் கெவலார் மாதாவிடம் போகிற ஆட்கள். இந்த முறையும் அங்கேதான் என்று நினைத்தேன். இவர், "தோமையாரிட்டப் போவம்" என்றார். எப்போதோ ஒரு சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னதாம். மயிலாப்பூரில் அடக்கம் பண்ணின தோமையாரின் எலும்புகளை ஒரு வியாபாரி துருக்கியில் இருக்கிற ஊர்ஃபாவுக்குக் கொண்டுபோனானாம், அங்கே கோயில் கட்டி வைத்திருந்தார்களாம். காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது, இது மட்டும் நினைவிருக்கிறது. நிரோ உடனேயே கொம்பியூட்டரில் ரிக்கெட் போட்டுவிட்டாள். தான் வரவில்லை, வேலையாம்.

வைகாசியில் பில்லுண்டில் விமானம் ஏறி, இஸ்தான்புல்லில் மாறி, ஊர்ஃபாவில் இறங்கினோம். வெயில் முகத்தில் அடித்தது. ஊர் முழுக்க மஞ்சள் கல். கடைத்தெருவில் இடித்த மிளகாயைக் குவித்து வைத்திருக்கிறார்கள், கறுத்துப்போய் எண்ணெய் மினுக்கோடு கிடக்கிறது. ஆம்பிளையளும் பொம்பிளையளும் தலையில் ஊதா நிறத் துண்டு கட்டுகிறார்கள். வெயிலுக்கு நல்லது என்று இவருக்கு ஒரு ஊதாத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். பள்ளிவாசலுக்குள் போகத் தலையை மூடவேண்டுமே என்று எனக்கு ஒரு வெள்ளைத் துண்டு.

தோமையாரின் கோயில் எங்கே என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. எலும்புகளையும் பிறகு ஆரோ கிரேக்கத் தீவுக்குக் கொண்டுபோய், அங்கேயிருந்து இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். புனிதருக்கே ஓரிடத்தில் கிடக்கக் கொடுத்துவைக்கவில்லை. பெரிய பள்ளிவாசலைக் காட்டினார்கள். முந்தி அது தேவாலயமாம். எட்டு மூலை வைத்த மணிக்கூண்டுக் கோபுரம் அப்படியே நிற்கிறது, இப்போது அதிலிருந்து பாங்கு சொல்கிறார்கள். முற்றத்தில் ஒரு கிணறு. இயேசுவின் முகம் பதிந்த துணியை அதற்குள் போட்டதாக ஒரு கதை. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பழக்கதோசத்தில் சிலுவை அடையாளம் போட்டார். அருகில் நின்ற கிழவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேயிருந்து மீன்குளம். ஆபிரகாமை ஒரு அரசன் நெருப்பில் போட்டானாம். நெருப்பு தண்ணீராகவும் விறகு மீனாகவும் மாறியதாம். அந்த மீனைப் பிடித்துத் தின்றால் கண் குருடாகும் என்று சொல்கிறார்கள். ஒருவரும் தொடுவதில்லை, அதனால் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குக் கொழுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கிறது. தீன் போட்டால் தண்ணீர் தெரியாது, வாய்தான் தெரியும். இவர் கனநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு பேரும் வாயைத் திறக்கினம். ஒருத்தரும் சொல்லினமில்லை."

"என்னத்தை?"

இவர் குளத்தை விட்டு வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

குளத்துப் பூங்கா வாசலில் துவக்கோடு இரண்டு காவலர் நின்றார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் பொக்கற்றிலிருந்து டென்மார்க் மருத்துவ அட்டையை எடுத்து, ஊரில் ஆமிக்கு அடையாள அட்டை காட்டின மாதிரி நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். அந்த மஞ்சள் அட்டையைப் பார்த்து ஒரு காவலன் சிரித்து, போங்கோ என்று கை காட்டினான். அதற்குப் பிறகு அந்த அட்டையைப் பொக்கற்றுக்குள் வைக்கச் சொல்லி எத்தனை தரம் சொல்லியும் வைக்கவில்லை.

4

ஆபிரகாம் பிறந்த குகை குளத்துக்குப் பக்கத்தில்தான். ஆம்பிளையளுக்கு ஒரு வாசல், பொம்பிளையளுக்கு ஒரு வாசல்.

மறதிக்காரரைக் கண்ணிலிருந்து விடக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். இருபது வருசம் மற்றவர்களுக்குப் படிப்பித்தவள் நான். என்ன செய்கிறது, பின்னால் பொம்பிளையள் நெருக்குகிறார்கள், இவரும் சாதுவாக ஆம்பிளையளோடு போய்விட்டார். "வெளியில வந்து அப்படியே நில்லுங்கோ, நான் வாறன்" என்று கத்தினேன். கையை உயர்த்திக் காட்டினார்.

உள்ளே ஈரமும் இருட்டும். குனிந்துதான் போகவேண்டும். பொம்பிளையள் தண்ணீர் குடித்தார்கள், அழுதார்கள், குழந்தை வேண்டுமென்று கேட்டார்கள் போல. நானும் முழங்காலில் நின்றேன். கெவலாரில் கேட்டதை, ஊரில் மடு மாதாவிடம் கேட்டதை, ஹேர்னிங்கில் கேட்டதை அங்கேயும் கேட்டேன். "ஆரெண்டு காட்டு. சாகிறதுக்கு முதல் ஒருக்கால் காட்டு." வேறு ஒன்றும் எனக்குக் கேட்கத் தெரியாது.

வெளியே வந்தேன். ஆம்பிளையளின் வாசலுக்குப் பக்கத்தில் இவர் நின்றார்.

ஊதாத் துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேலால் போட்டு, முகத்தையும் கழுத்தையும் இறுக்கி மூடியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. கை இரண்டும் பின்னால், கட்டியிருக்கிற மாதிரி. குகையிலிருந்து ஒவ்வொரு ஆளாகக் குனிந்து வெளியே வர, இவர் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து முகத்தை உற்றுப் பார்க்கிறார். பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டுகிறார். இல்லை. அடுத்த ஆள். இல்லை. அந்தச் சனத்துக்கு என்ன தெரியும்? வயது போன மனுசன் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து, நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்து போனார்கள். ஒருவர் இவருடைய தோளைத் தடவிவிட்டுப் போனார்.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போது ஒரு இளந்தாரி வெளியே வந்தான். இவரைப் பார்த்துச் சிரித்தான். இவர் சட்டென்று தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். தலை மேலும் கீழும் ஆடியது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். அவனும் நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வரிசையில் நின்றவனுக்கு அந்தச் சாக்கை முன்னாலிருந்துதான் தெரிந்திருக்கும். இப்படிச் சாயவும், இப்படிக் கையைப் பின்னால் வைக்கவும், உள்ளே நின்ற ஆளுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஐயோ கடவுளே, கேட்டதைத் தந்துவிட்டாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் அந்த மனுசனை அந்தக் குளத்துக்குள் தள்ளிவிடலாம் என்றும் நினைத்தேன். எழுதத்தான் வேண்டும், அதையும் எழுதுகிறேன்.

5

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், மரங்களுக்குக் கீழே தேத்தண்ணிக் கடையில் இருத்தினேன். துண்டைக் கழற்றிவிட்டேன். வேர்த்து ஒழுகியது. சீனியைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன், அது பழக்கம், கை தன்பாட்டில் செய்தது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் தலையில் அந்த வெள்ளைத் துண்டு இருந்தது.

"சிஸ்டர்" என்றார்.

மனுசன் என்னைக் கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. இது பாவம் என்று எனக்குத் தெரியும்.

"சொல்லுங்கோ" என்றேன்.

"நான் ஒருத்தரையும் காட்டேல்லை, சிஸ்டர். முதல்நாள் பின்னேரம் கடற்கரையில வைச்சுப் பிடிச்சவங்கள். விடியவிடிய அடிச்சவங்கள். எனக்கு அந்த ஊரில ஆரைத் தெரியும்? எல்லாருக்கும் இல்லை எண்டுதான் ஆட்டினனான். சத்தியமா."

"ஒருத்தனுக்கு ஓமெண்டு ஆட்டினனீங்கள்."

"என்னைத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவன் என்ர காலைப் பார்த்திட்டான். எனக்குப் பெருவிரல் இல்லைத்தானே. பார்த்திட்டுச் சிரிச்சவன். சேவியர் அண்ணை எண்டு சொல்ல வாயெடுத்தவன். ஊருக்குத் தெரிஞ்சால் நான் எப்பிடி இருக்கிறது?"

இவருடைய இடது காலில் பெருவிரல் இல்லை. சின்னனில் வள்ளத்தில் நசுங்கியது. முப்பது வருசத்துக்கு மேலாக அந்தக் காலுக்கு நான்தான் எண்ணெய் பூசிவிட்டேன்.

"அவனை எங்க கொண்டுபோனவங்கள்?" என்று கேட்டேன்.

"என்னையும் அதே ஜீப்பிலதான் ஏத்தினவங்கள், சிஸ்டர். வழியில..." என்று தொடங்கினார். பக்கத்து மேசைக்காரர் கதிரையை இழுத்த சத்தத்தில் திரும்பிவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தபோது கதை போய்விட்டது. கொஞ்ச நேரம் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு மேசைக்கு மேலால் குனிந்து, ரகசியம் மாதிரிச் சொன்னார்:

"இதை ராணிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவள் என்னை விட்டிட்டுப் போயிடுவள்."

ராணி நான்.

6

போன கிழமை கொமூன் என்கிற நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தாள், முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பிக்கிற விசயமாக. நிரோவும் ஓகூஸிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தாள். அந்தப் பெண் நல்ல பிள்ளைதான். கொம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிக்கத் துணை வேண்டுமா, இரவில் எழும்புகிறாரா, அடுப்பைத் தொடுகிறாரா. கடைசியில், "ராணி, உனக்கும் வயது போகிறது. இவரை இனியும் வீட்டில் வைத்துப் பார்க்க உன்னால் முடியுமா?" என்றாள்.

"முடியும்" என்றேன். "இவர் எங்கேயும் போகமாட்டார்."

நிரோ அழுதுவிட்டாள். என் கையைப் பிடித்து, அம்மா மாதிரி ஒருத்தரில் அன்பு வைக்கத் தனக்குத் தெரியாது என்று சொன்னாள். கொமூன் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ பதிந்தாள். பிள்ளைக்கு என்னத்தைச் சொல்கிறது? அவளுக்கு யூட் மாமா என்றால் சுவரில் இருக்கிற ஒரு படம். தகப்பன் என்றால் தகப்பன்.

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். அன்பு இருக்கோ இல்லையோ என்று எனக்குத் தெரியாது. சில நாள் சோற்றைத் தீத்திக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பையால் தலையில் அடிக்க வேணும் போல வரும். சில நாள் அவர் நித்திரையில் அழுவதைப் பார்த்து நானும் அழுவேன். ஆனால் வீட்டில் வைத்திருப்பது அதற்காக இல்லை. இல்லத்தில் விட்டால் இவர் மிச்சக் கதையை டெனிஷ்காரப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லி முடித்துவிடுவார். அவர்களும் ஓம் ஓம் என்று தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். யூட் எந்த மண்ணில் கிடக்கிறான் என்பது இந்த உலகத்தில் இந்த ஒரு மண்டைக்குள்தான் இருக்கிறது, அதுவும் கரைந்துகொண்டு போகிறது. எலும்பையாவது எடுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும்.

அதனால் தினமும் காலை பத்து மணிக்கு, குளிசை கொடுத்து அரை மணித்தியாலத்தில், நான் அந்த வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இவருக்கு முன்னால் இருப்பேன். "சொல்லுங்கோ" என்பேன். ஒவ்வொரு நாளும் கடற்கரையிலிருந்துதான் தொடங்குவார். அவசரப்படுத்தினால் எல்லாம் குழம்பிவிடும். அடி, சாக்கு, வரிசை, கால், ஜீப். புரட்டாதியில் ஜீப் பெரிய றோட்டுக்கு ஏறியது. போன கிழமை சவுக்கந்தோப்பு வந்தது. நேற்று வரைக்கும் ஒருநாளும் அதற்கு அங்கால் போனதில்லை.

இன்றைக்குக் காலமை நல்லாய்க் கதைத்தார்.

"சவுக்கந்தோப்பு தாண்ட ஒரு பாலம், சிஸ்டர். பாலத்தில என்னை இறக்கி விட்டவங்கள். அவன் ஜீப்புக்குள்ள இருந்து என்னைப் பார்த்தவன். ஜீப் போகேல்லை. நான் ஓடினனான், ஓடிப்போட்டுத் திரும்பிப் பார்த்தால், அவனைப் பாலத்துக்குக் கீழ இறக்கி, அந்த..."

நின்றுவிட்டார். என் முகத்தையே பார்த்தார். கண்ணில் இருந்த புகைச்சல் விலகியது, பல மாதமாகக் காணாத ஒரு தெளிவு. இதே பார்வைக்காக எத்தனை வீடுகளில் எத்தனை மனுசிமார் காத்துக்கொண்டிருப்பதை நான் வேலையில் கண்டிருக்கிறேன். இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம் என்று மனதுக்குள் கத்தினேன்.

இவர் வாய் நிறையச் சிரித்தார்.

"ராணி" என்றார். "இதென்னப்பா, காலமை வெள்ளனத் தலையில வெள்ளைத் துண்டு? ஆர் செத்தது?"